நடுங்கும் நோயாளியும் களைத்த உதவியாளரும்: சிறிய பல் மருத்துவமனைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை ஏழரை மணிக்கு, கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு மரப்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை சிலைபோல் படுத்திருந்த பெண்மணி, ஊசி முனை பட்டதும் இரு கைகளையும் மேலே வீசினார். வாயிலிருந்து தெறித்த ஊசி, கன்னத்தை விலக்கிப் பிடித்திருந்த என் உதவியாளரின் ஆட்காட்டி விரலில் இறங்கியது. அடுத்த சில மாதங்களுக்கு அந்த உதவியாளர்ப் பெண் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை முடிவுக்கும் எப்படிக் காத்திருந்தாள் என்பதை நான் மறக்கவில்லை.

அன்றிரவு நடந்ததைப் பின்னோக்கிக் கோத்துப் பார்த்தபோது, அந்த விபத்து நாற்காலியில் தொடங்கவில்லை என்று தெரிந்தது. இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் அந்த நோயாளி, "ஊசின்னாலே எனக்கு உயிர் போயிரும்மா" என்று சொல்லியிருந்தார். வரவேற்பில் இருந்தவர் ஆறுதல் சொன்னாரே தவிர, எங்கும் எழுதி வைக்கவில்லை. வந்த பிறகு ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்த அவர், உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுததை முழுவதும் கேட்டிருந்தார். என் உதவியாளர் மூன்று மணி முதல் உட்காரவே இல்லை. தேநீர் ஆறிப்போய் மேசையில் இருந்தது. நானோ அடுத்தவரை நினைத்து அவசரப்பட்டேன். நோயாளியின் பயத்தையும் ஊழியரின் களைப்பையும் தனித்தனியாகக் கையாள முடியாது என்பதை அன்று கற்றேன். கீழே வரும் படிகள் ஒரு மருத்துவர், ஒன்றிரண்டு நாற்காலிகள், இரண்டோ மூன்றோ ஊழியர்கள் என்ற அளவில் நடக்கும் மருத்துவமனைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: தொலைபேசியிலேயே தொடங்குங்கள்

அப்பாயின்ட்மென்ட் கேட்டு அழைப்பவரிடம் வரவேற்பாளர் பெயரும் நேரமும் மட்டும் கேட்டால் போதாது. "பல் வைத்தியம்னா உங்களுக்குப் பயம் ஏதும் இருக்காங்க? முன்னாடி எங்கேயாவது கஷ்டப்பட்டிருக்கீங்களா?" என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டவுடன் பெரும்பாலானோர் கொட்டிவிடுவார்கள். யாரும் கேட்காததால்தான் சொல்லாமல் இருக்கிறார்கள். பதிலைப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே ஒரு குறியீடாக எழுத வேண்டும். என் மருத்துவமனையில் அது ஒரு சிறிய நட்சத்திரம். நோயாளியின் கண்ணில் பட்டாலும் சங்கடம் தராத குறியாக இருப்பது நல்லது. "பயந்தாங்கொள்ளி" என்று கோப்பில் எழுதிவைத்த இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

அதே அழைப்பில் சொல்ல வேண்டிய இன்னொன்று, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வது. "ஆபரேஷன்" என்ற சொல்லோடு வெறும் வயிறு நம் மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால், பல் பிடுங்க வருபவர்களில் பலர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். பசியும் பயமும் சேர்ந்தால் மயக்கம் வெகு அருகில் இருக்கிறது. சர்க்கரை நோயாளி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்த்துவிட்டு வந்தால் நிலைமை இன்னும் மோசம். மரப்பு ஊசி மட்டும் போடப்படும் சிகிச்சைக்கு, வழக்கமான உணவும் வழக்கமான மாத்திரைகளும் எடுத்துக்கொண்டு வரும்படி தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். துணைக்கு ஒருவர் வரலாம். நான்கு பேர் வேண்டாம்.

படி 2: பயத்தை அளந்து, வகை பிரியுங்கள்

பயத்தை அளப்பதற்கு எளிய கருவி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் நார்மன் கோரா 1969இல் நான்கு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஊசியைப் பற்றிய கேள்வியே இல்லை என்பதால், பிரிட்டனைச் சேர்ந்த ஜெரி ஹம்ஃப்ரிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் அதைத் திருத்தி ஐந்து கேள்விகளாக்கினார்கள். நாளை சிகிச்சை என்றால் எப்படி உணர்வீர்கள், காத்திருப்பு அறையில் எப்படி, பல்லைக் குடையப் போகும்போது எப்படி, பல் சுத்தம் செய்யும்போது எப்படி, ஈறில் ஊசி போடும்போது எப்படி என்பவையே அவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 5 முதல் 25 வரை. 19ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கடும் பயம் என்று கொள்ளலாம். நோயாளியே நிரப்ப இரண்டு நிமிடம் ஆகும். எழுதப் படிக்கத் தயங்குபவரிடம் உதவியாளர் வாய்மொழியாகக் கேட்கலாம்.

ஆனால் மொத்த எண்ணைவிட எந்தக் கேள்விக்கு 5 விழுந்தது என்பதே எனக்கு உதவுகிறது, ஏனெனில் பயம் பல வகைப்படும். முன்பு சரியாக மரத்துப்போகாமல் பல் பிடுங்கப்பட்டவரின் பயம் அனுபவத்திலிருந்து வருவது. அவரிடம் "சும்மா பயப்படாதீங்க" என்பது அவமதிப்பு. வாய் திறந்தபடி மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், குமட்டும் என்று அஞ்சுபவருக்குக் கட்டுப்பாடு தன் கையில் இல்லாததே சிக்கல். ரத்தத்தையும் ஊசியையும் கண்டால் மயங்கி விழுபவரின் உடல் வேறு விதமாக நடந்துகொள்வதால் அவருக்குச் சொல்லித்தர வேண்டிய பயிற்சியும் வேறு. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர், நம் முன் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "இன்னொரு நாள் பார்த்துக்கலாம் டாக்டர்" என்று எழுந்துவிடுவார். அவர் கேட்காவிட்டாலும், பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வெவ்வேறு என்பதை ஒரு படம் வரைந்து காட்டிவிடுவது நல்லது. கடைசியாக, பணத்தைப் பற்றிய பயமும், "இத்தனை நாள் பல்லை ஏன் இப்படி வச்சிருந்தீங்க?" என்று திட்டு விழுமோ என்ற கூச்சமும் இருக்கின்றன. இவை இரண்டும் வலிப் பயம்போல வேடமிட்டு வரும்.

படி 3: அட்டவணையைத் திருத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருக்குமானால், இதைச் செய்யுங்கள். பயந்த நோயாளியிடம் மென்மையாகப் பேசுவது எப்படி என்று ஊழியர்களுக்கு வகுப்பெடுப்பதைவிட, மென்மையாகப் பேச அவர்களுக்கு நேரம் ஒதுக்குவது பெரிய காரியம். பதினோராவது நோயாளியிடம் சிரித்த முகத்தோடு இருக்கச் சொல்வது பயிற்சி ஆகாது. அது ஒருவரிடமிருந்து தீர்ந்துபோன பொருளை மறுபடியும் கேட்பது.

நட்சத்திரக் குறி போட்டவர்களுக்கு அன்றைய முதல் நேரத்தைக் கொடுங்கள். அவர்களும் நாள் முழுவதும் நினைத்து நினைத்து நடுங்க மாட்டார்கள். நாமும் புத்துணர்வோடு இருப்போம். ஒரு வேளைக்கு அப்படிப்பட்டவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஒருவருக்குப் பின் ஒருவராக இருவரை வைக்கவே கூடாது. வழக்கமாக அரை மணி நேரம் ஆகும் வேலைக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்குங்கள். மிச்சமாகும் நிமிடங்கள் வீணாகாது, அவற்றில்தான் உதவியாளர் கருவிகளைப் பதறாமல் சுத்தம் செய்வார், தண்ணீர் குடிப்பார், கழிப்பறைக்குப் போய்வருவார். இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் மாலை முழுவதும் கழிப்பறைக்குப் போகாமல் நிற்கும் உதவியாளர்கள் நம் ஊர்களில் ஏராளம்.

நம் மருத்துவமனைகள் பெரும்பாலும் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை நிரம்பி வழிகின்றன. உதவியாளர்களில் பலர் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். எட்டரை மணிக்கு ஒரு கடும் பயக்காரருக்கு வேர் சிகிச்சையைத் தொடங்கினால், நோயாளி நேரம் கேட்டுக் கை தூக்கும் ஒவ்வொரு முறையும் உதவியாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நோயாளியும் பார்ப்பார். எனவே ஏழு மணிக்கு மேல் நட்சத்திரக்காரர்களுக்கு நேரம் தருவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாத வலியோடு வருபவருக்கு அன்று வலியைத் தணிக்கும் அளவுக்கு மட்டும் செய்து, மீதியை மற்றொரு காலைக்கு மாற்றுவது இருவருக்கும் நன்மை.

வருமானம் குறையுமே என்று கேட்பீர்கள். முதல் சில வாரங்கள் குறையும்தான். ஆனால் பாதியில் எழுந்து ஓடும் நோயாளியும், சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போகும் நோயாளியும், ஓராண்டுக்குள் வேலையை விட்டுப் போகும் உதவியாளரும் எவ்வளவு இழப்பு என்பதை நாம் கணக்குப் புத்தகத்தில் எழுதுவதில்லை.

படி 4: காத்திருக்கும் இடம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை அறையின் கதவு மூடியிருக்க வேண்டும். பல்லைக் குடையும் ஏரோட்டர் கருவியின் கீச்சொலி வெளியே கேட்கக் கூடாது; முழுவதும் தடுக்க முடியாவிட்டால் வெளியே மெல்லிய பாட்டு ஓடட்டும். கிராம்பு எண்ணெய் வாசனை சிலருக்குப் பழைய நினைவுகளை இழுத்து வந்துவிடும் என்பதால் காற்றோட்டம் முக்கியம். கருவித் தட்டைத் துணியால் மூடி வையுங்கள். பிடுங்கிய பற்களைக் கண்ணாடிப் புட்டியில் காட்சிக்கு வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். நேரம் தாமதமானால் எத்தனை நிமிடம் என்று மருத்துவரே வெளியே வந்து சொன்னால், கோபத்தின் முதல் அடி வரவேற்பாளர் மேல் விழாது.

படி 5: முதல் பேச்சும் உயர்த்திய கையும்

நோயாளியை மல்லாக்கப் படுக்க வைப்பதற்கு முன், நேராக உட்கார்ந்த நிலையில், முகக்கவசம் இல்லாமல், அவர் கண்மட்டத்தில் அமர்ந்து பேசுங்கள். மூன்று நிமிடம் போதும். "உங்களுக்கு எது ரொம்பப் பயம்? ஊசியா, சத்தமா, படுத்திருக்கிறதா?" என்று கேட்டு, வந்த பதிலைத் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு இன்று என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், எந்த இடத்தில் என்ன உணர்வு இருக்கும் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

"வலிக்கவே வலிக்காது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஒரு சிறு குத்தல் இருந்தாலும் நீங்கள் பொய்யர் ஆகிவிடுவீர்கள். அதன் பின் சொல்வது எதுவும் ஏறாது. "ஊசி போடும்போது சின்னதா ஒரு எறும்புக்கடி மாதிரி இருக்கும்மா. அதுக்கு மேல வலிச்சா கையைத் தூக்குங்க, நான் உடனே நிறுத்திடுவேன்" என்பது உண்மையான வாக்குறுதி. நான் வலப்புறம் உட்கார்வதால் இடது கையைத் தூக்கச் சொல்கிறேன். வலது கை வந்தால் கருவியில் மோதும்.

இந்தச் சைகையைச் சொன்னால் மட்டும் போதாது, ஒத்திகை பார்க்க வேண்டும். வெறும் கண்ணாடியையும் காற்றையும் வாயில் வைத்துக்கொண்டு, "இப்ப சும்மா கையைத் தூக்குங்க பார்க்கலாம்" என்று சொல்லி, தூக்கியதும் உண்மையாகவே கருவியை வெளியே எடுத்துக் காட்டுங்கள். பிறகு சிகிச்சையின் நடுவே முதல் முறை கை உயரும்போது, எவ்வளவு முக்கியமான கட்டத்தில் இருந்தாலும், பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய நொடியில் நிறுத்துங்கள். பெரும்பாலானோர் அந்த முதல் முறையைச் சோதனைக்காகத்தான் தூக்குகிறார்கள். வாக்கு காப்பாற்றப்படுகிறது என்று தெரிந்தபின் கை அரிதாகவே உயரும். "இதோ ஒரே நிமிஷம், முடிஞ்சிடுச்சு" என்று தொடர்ந்தீர்களானால், அடுத்த முறை கை சைகையாக வராது, வீச்சாக வரும். அந்த வீச்சின் பாதையில் நிற்பது உங்கள் உதவியாளரின் விரல்.

நேரத்தைச் சிறு துண்டுகளாக்குவதும் உதவும். "பத்து எண்ணும் வரைக்கும் குடைவேன், அப்புறம் ஓய்வு" என்று சொல்லி உதவியாளர் உரக்க எண்ணினால், முடிவில்லாதது போலத் தோன்றிய வேலைக்கு ஒரு கரை தெரிகிறது. மூச்சை நான்கு எண்ணிக்கையில் இழுத்து ஆறு எண்ணிக்கையில் விடச் சொல்லலாம். ஆனால் ரத்தத்தைக் கண்டு மயங்குபவர்களுக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி சரிவராது. அவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று விழுவதுதான் பிரச்சினை. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் பரவலாக்கிய முறைப்படி, கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்கிப் பிடித்து, பிறகு இயல்பு நிலைக்கு விட்டு, மறுபடியும் இறுக்கச் சொல்ல வேண்டும். ஈறில் ஊசி போடும்போது தாடையை மட்டும் இறுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 6: மரப்பு சரியாக இருந்தால் பாதிப் பயம் போய்விடும்

எத்தனை ஆறுதல் சொன்னாலும் மரத்துப்போகாத பல்லைத் தொட்டால் எல்லாம் வீண். நம் மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படுவது 1:80,000 அட்ரினலின் கலந்த 2 விழுக்காடு லிக்னோகைன். குப்பியிலிருந்து சிரிஞ்சில் ஏற்றுவதை நோயாளியின் பின்புறமாகவோ பக்கத்து மேசையிலோ செய்யுங்கள். குளிர்பெட்டியில் இருந்து எடுத்ததைச் சிறிது நேரம் வெளியே வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஈறை உலரத் துடைத்து, மேற்பூச்சு மரப்பு ஜெல்லைத் தடவி, இரண்டு நிமிடம் உண்மையாகவே காத்திருங்கள். தடவிய கையோடு குத்துவது தடவாததற்குச் சமம். மெல்லிய ஊசியைப் பயன்படுத்துங்கள். கன்னத்தை இறுக்கி இழுத்து, மருந்தை நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற வேகத்தைத் தாண்டாமல் செலுத்துங்கள். வேகமாகச் செலுத்தும்போது திசு பிதுங்குவதால் வரும் வலி, குத்தும் வலியைவிட அதிகம். மேலண்ணத்தில் போடும்போது, முதலில் பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்திலேயே நுழையுங்கள்.

அட்ரினலினால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். "ஊசி போட்டதும் ரெண்டு நிமிஷம் நெஞ்சு படபடன்னு இருக்கலாம், அது மருந்தோட வேலை, தானா அடங்கிடும்" என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால், பயந்தவர் அதை மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

உதடு மரத்துவிட்டது என்பதால் பல்லின் உள்நரம்பு மரத்துவிட்டது என்று பொருளில்லை. குளிர்ப் பொருளைப் பல்லில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கடுமையாக வீங்கிச் சிவந்த உள்நரம்பு கொண்ட பல்லில், அங்குள்ள அமிலத்தன்மை உள்ளிட்ட காரணங்களால் மருந்து முழுமையாக வேலை செய்யாது என்பது நமக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. இதை முன்பே சொல்லி, தேவைப்பட்டால் கூடுதல் ஊசி போடப்படும் என்று ஒப்புதல் வாங்கி வைத்தால், இரண்டாவது ஊசி தோல்வியாகத் தெரியாது. அப்போதும் அடங்கவில்லை என்றால் மருந்து வைத்து மூடி, வேறொரு நாளில் தொடர்வதே முறை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளச் சொல்லி முடித்த சிகிச்சைதான் அடுத்த மருத்துவருக்கு ஒரு பயந்த நோயாளியை அனுப்புகிறது.

படி 7: மயக்கமும் குமட்டலும்

முகம் வெளிறி, வியர்த்து, கொட்டாவி விட்டால் அது மயக்கத்தின் முன்னறிவிப்பு. வாயில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நாற்காலியைத் தட்டையாக்கிக் கால்களை உயர்த்துங்கள். நிறைமாதக் கர்ப்பிணியானால் இடப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். நாடியைப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் இது வெறும் பய மயக்கம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்த்து, 108க்கு அழையுங்கள். யார் நாற்காலியைச் சாய்ப்பது, யார் ஆக்சிஜனை எடுப்பது, யார் அழைப்பது என்பதை மாதம் ஒரு முறை ஒத்திகை பாருங்கள். தன் வேலை எதுவென்று தெரிந்த உதவியாளர் அந்த நேரத்தில் உறைந்து நிற்க மாட்டார், அன்றிரவு தூங்கவும் செய்வார்.

குமட்டுபவரைச் சற்று நிமிர்த்தி உட்கார வைத்து, மூக்கால் மூச்சு விடச் சொல்லி, ஒரு காலைச் சிறிது உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கவனம் காலுக்குப் போய்விடும்.

படி 8: குழந்தைகளும் அவர்களை அழைத்து வருபவர்களும்

"சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று வீட்டில் மிரட்டி வளர்த்த குழந்தையை நம்மிடம் கொண்டுவந்து, "பாப்பாவுக்கு ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று சொன்னால் அது எப்படி நம்பும்? முதல் வருகையில் பல்லை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொல்லி, காட்டி, பிறகு செய்வது என்ற வரிசை 1959இல் ஆடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதியது. இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. காற்றை விரல் நகத்தில் அடித்துக் காட்டி, தண்ணீரைக் கையில் விட்டுக் காட்டி, பிறகு பல்லுக்குப் போங்கள். தாயை உள்ளே அனுமதிக்கலாம், ஆனால் பேசுபவர் ஒருவராக இருக்க வேண்டும். மூன்று குரல் ஒரே நேரத்தில் ஆறுதல் சொன்னால் குழந்தைக்கு அது ஆபத்தின் ஒலியாகவே கேட்கும்.

அழும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தும் பழைய முறையை அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அமைப்பு 2006இல் தன் வழிமுறைகளிலிருந்து நீக்கிவிட்டது. நம் ஊரில் இன்னும் சிலர் கையையும் காலையும் நான்கு பேர் பிடித்துக்கொள்ளச் செய்கிறார்கள். அவசரமில்லாத சிகிச்சைக்கு இதைச் செய்யக் கூடாது என்பதற்குக் குழந்தையின் மனம் ஒரு காரணம்; பிடிக்கச் சொல்லப்படும் உதவியாளரின் மனமும் ஒரு காரணம். தன் வீட்டில் அதே வயதுக் குழந்தை இருக்கும் ஒரு பெண்ணை அந்த வேலைக்கு நிறுத்துவதில் உள்ள கொடுமையை நாம் யோசிப்பதில்லை.

படி 9: மருந்தின் துணை தேவைப்படும்போது

பேச்சாலும் நேரத்தாலும் அடங்காத பயமும் உண்டு. வாய்வழி மயக்க மருந்து, மூச்சுவழி நைட்ரஸ் ஆக்சைடு, நரம்புவழி மருந்து, முழு மயக்கம் என்று படிகள் இருக்கின்றன. உரிய பயிற்சியும் கண்காணிப்புக் கருவிகளும் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். மயக்கவியல் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கோ பல் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவதில் எந்தக் குறைவும் இல்லை. மாத்திரை கொடுத்தால் துணையில்லாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, வண்டி ஓட்ட விடக் கூடாது.

நைட்ரஸ் ஆக்சைடைப் பற்றி ஒரு வார்த்தை. அது நோயாளிக்கு அரை மணி நேர மருந்து. அறையிலேயே நிற்கும் உதவியாளருக்கோ அன்றாடக் காற்று. இந்த வாயு உடலில் பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். நோயாளி வெளிவிடும் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு இல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்கப் பணியிட நலன் நிறுவனமான நையோஷ், வாயு செலுத்தப்படும் நேரத்தில் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைக்கிறது. கர்ப்பமாக உள்ள ஊழியரையும், கர்ப்பத்தை எதிர்பார்ப்பவரையும் அந்த அறையிலிருந்து விலக்கி வையுங்கள். அதை அவர் உங்களிடம் தயங்காமல் சொல்லக்கூடிய சூழலும் வேண்டும்.

படி 10: ஊழியருக்கும் ஒரு சைகை

நோயாளிக்குக் கை உயர்த்தும் உரிமை கொடுத்தோம். ஊழியருக்கு என்ன கொடுத்தோம்? எங்கள் மருத்துவமனையில் அது ஒரு வாசகம்: "டாக்டர், நீல ஃபைல் எங்கே இருக்கு?" நீல ஃபைல் என்று ஒன்று கிடையாது. இதை யார் சொன்னாலும், அவர் இரண்டு நிமிடம் வெளியே போக வேண்டும் என்று பொருள். காரணம் கேட்பதில்லை. பாதுகாப்பான கட்டம் வந்ததும் அவர் போய்விடுவார். மற்றவர் அந்த இடத்துக்கு வருவார், அல்லது நான் வேலையை நிறுத்திவிட்டு நோயாளியோடு பேசிக்கொண்டிருப்பேன். முதல் மாதம் யாரும் இதைப் பயன்படுத்தவில்லை. பிறகு நானே ஒரு நாள் சொல்லிவிட்டு வெளியே போய் முகம் கழுவி வந்தேன். அதன்பின் தயக்கம் குறைந்தது.

பயத்தால் கத்துவதையும் வேண்டுமென்றே ஏசுவதையும் பிரித்தறிய வேண்டும். நடுங்கிக்கொண்டு, "விடுங்க, விடுங்க" என்று அலறுபவர் மேல் ஊழியர் கோபப்படக் கூடாது. ஆனால் பயந்தவர் என்பதற்காக உதவியாளரின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கவோ, கைபேசியில் படம் பிடிக்கவோ, இரட்டை அர்த்தத்தில் பேசவோ யாருக்கும் உரிமை இல்லை. அங்கே முன்னால் வர வேண்டியவர் மருத்துவர். பணத் தகராறையும் குடித்துவிட்டு வந்தவரையும் வரவேற்பாளரிடம் விட்டுவிட்டு உள்ளே ஒளிந்துகொள்ளும் மருத்துவரிடம், எந்த ஊழியரும் நீடிக்க மாட்டார். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். இந்த விவரங்களை ஊழியர் அறையின் சுவரில் ஒட்டி வையுங்கள்.

படி 11: ஊசி பட்டுவிட்டால்

எல்லா ஊழியருக்கும் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணை ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மருத்துவமனைச் செலவில் போட்டு முடித்திருக்க வேண்டும். பயந்த நோயாளிக்கு ஊசி போடும் நொடியில் உதவியாளரின் விரல் வாயில் இருக்க வேண்டாம். கன்னத்தை விலக்கக் கண்ணாடியைப் பயன்படுத்தி, அவருடைய இன்னொரு கை நோயாளியின் முன்கை மேல் இலேசாக இருக்கட்டும். அது ஆறுதலும் ஆகும், கை எழும்பினால் முன்பே தெரியவும் செய்யும். ஊசியின் மூடியை இரு கையாலும் பொருத்தாமல், தட்டில் வைத்து ஒரு கையால் கோத்து எடுங்கள்.

அப்படியும் குத்திவிட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையா என்று முடிவு செய்ய உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது மிகச் சிறந்தது. 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் தொடர வேண்டும். நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிக்க அவருடைய ஒப்புதல் தேவை. ஊழியரைத் தனியாக அனுப்பாதீர்கள். உடன் போங்கள், மீதி நோயாளிகள் இன்னொரு நாள் வரலாம். "பார்த்துப் பிடிச்சிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்கப்பட்டவர் அடுத்த முறை குத்தியதை மறைத்துவிடுவார்.

படி 12: கதவடைக்கும் முன் பத்து நிமிடம்

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, பணிச்சோர்வை நோயாகச் சொல்லாமல் வேலையோடு தொடர்புடைய நிலையாக வரையறுக்கிறது. வற்றிப்போன களைப்பு, வேலையிடமிருந்து மனம் விலகிப்போதல், செய்வது எதுவும் பயனில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். பல் மருத்துவமனையில் இரண்டாவது அடையாளம்தான் முதலில் கண்ணில் படும். பயந்த நோயாளியைப் பற்றி வெளியே போய்க் கிண்டல் செய்வது, "வந்துட்டாங்கப்பா நடிகையர் திலகம்" என்று முணுமுணுப்பது போன்றவை கெட்ட குணத்தின் அடையாளம் என்று திட்டுவதற்கு முன், அந்த வாரம் அவருக்கு எத்தனை நட்சத்திரக்காரர்கள் வந்தார்கள், எத்தனை மணி நேரம் நின்றார் என்று பதிவேட்டைப் பாருங்கள். உதவியாளருக்கும் முதுகு சாயும் ஸ்டூல் ஒன்று வாங்குங்கள். வார விடுமுறையை நோயாளிக்காக விலை பேசாதீர்கள்.

நாள் முடிவில் விளக்கை அணைக்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து, இன்று எது கடினமாக இருந்தது, எது கைகொடுத்தது என்று மட்டும் பேசுங்கள். தீர்ப்பு வேண்டாம். மனம் மிகவும் பாரமாக உள்ளவருக்கு 14416 என்ற டெலி-மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

பேசி முடித்ததும் நட்சத்திரக்காரரின் கோப்பில் உதவியாளர் இரண்டு வரி எழுத வேண்டும்: எண்ணிக்கை உதவியதா, கை எத்தனை முறை உயர்ந்தது, எந்தச் சொல் அவரை அமைதிப்படுத்தியது. ஊசி பட்ட அந்த விபத்துக்குக் காரணமான பெண்மணி மூன்று ஆண்டு கழித்து வேறொரு பல்லுக்காக வந்தபோது, காலை பத்து மணிக்கு, முதல் நோயாளியாக அழைக்கப்பட்டார். அவர் கோப்பில் இப்போது இருக்கும் வரி அதே உதவியாளர் எழுதியது: "கை இரண்டு முறை தூக்கினார். நிறுத்தினோம். மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் பேசுவார்."